இறுதிப்போட்டி முடிந்தபின் நட்சத்திர வீரரையும் பயிற்சியாளரையும் மதிப்பிடுவது எப்படி: 2022 லுசைல் ஆட்டத்தைக் கொண்டு ஒரு செய்முறை விளக்கம்

2022 டிசம்பர் 18 அன்று, கத்தாரின் லுசைல் அரங்கில் நடந்த உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் அர்ஜென்டினாவும் பிரான்சும் கூடுதல் நேரத்தின் முடிவில் 3-3 எனச் சமநிலையில் நின்றன; பெனால்டி உதைகளில் 4-2 என அர்ஜென்டினா வென்றது. கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில், பிரான்சின் கோலோ முவானி கோல் காப்பாளரை மட்டுமே எதிரில் வைத்துக்கொண்டு பந்தை உதைத்தார்; எமிலியானோ மார்ட்டினஸ் இடது காலை நீட்டி அதைத் தடுத்தார். அந்தக் கால் சிறிது தாமதமாக நீண்டிருந்தால் கோப்பை பிரான்சுக்குப் போயிருக்கும். அப்போது, ஆட்டத்தின் 41-ஆவது நிமிடத்திலும் 64-ஆவது நிமிடத்திலும் இரு பயிற்சியாளர்கள் எடுத்த முடிவுகளைப் பற்றி மறுநாள் எழுதப்பட்டவை அனைத்தும் தலைகீழாக இருந்திருக்கும். முடிவுகள் அதேதான், தீர்ப்பு மட்டும் மாறியிருக்கும். இது எனக்குப் பொறுக்காத விஷயம். ஆகவே, கால்பந்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர்கள் இந்தப் பிழையில் விழாமல் ஓர் ஆட்டத்தை எவ்வாறு எடைபோடலாம் என்பதை, இந்த ஒரே ஆட்டத்தைக் கொண்டு படிப்படியாக விளக்குகிறேன்.

உங்களுக்குத் தேவையானவை, ஆட்டத்தின் முழுப் பதிவும் ஒரு நோட்டுப் புத்தகமும்தான். கோல்களை மட்டும் வெட்டி ஒட்டிய சுருக்கக் காணொளி இதற்கு உதவாது. அதில் நீங்கள் மதிப்பிட வேண்டியவற்றில் பெரும்பகுதி இருக்காது.

படி 1: நிமிடங்களை எழுதுங்கள், இறுதி முடிவை எழுதாதீர்கள்

நோட்டின் இடப்பக்கம் நிமிடம், நடுவில் அந்த நேரத்தின் கோல் கணக்கு, வலப்பக்கம் என்ன நடந்தது என மூன்று பத்திகள் போதும். லுசைல் ஆட்டத்துக்கு அது இவ்வாறு தொடங்கும்: 23-ஆவது நிமிடத்தில் மெஸ்ஸியின் பெனால்டி, 1-0. 36-இல் டி மரியா, 2-0. 41-இல் பிரான்சின் ஜிரூ, டெம்பெலே இருவரும் வெளியேற, துராமும் கோலோ முவானியும் உள்ளே. 64-இல் டி மரியா வெளியேற, அகுன்யா உள்ளே. 71-இல் பிரான்சின் கிரீஸ்மானுக்கும் தியோ ஹெர்னாண்டஸுக்கும் பதிலாக கோமானும் கமவிங்காவும். 80-இல் எம்பாப்பேயின் பெனால்டி, அதிலிருந்து 97 விநாடிகளில் அவருடைய இரண்டாவது கோல், 2-2. பிறகு 108-இல் மெஸ்ஸி, 118-இல் மீண்டும் எம்பாப்பே. ஒவ்வொரு வரியையும் எழுதும்போது, அதற்குக் கீழே உள்ள வரிகள் இன்னும் நடக்கவில்லை என்றே எண்ணிக்கொள்ளுங்கள். பயிற்சியாளர் நின்ற இடத்தில் நீங்களும் நிற்பதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

படி 2: நட்சத்திர வீரருக்கு என்ன வேலை தரப்பட்டது என்று கேளுங்கள்

எம்பாப்பே இந்த இறுதிப்போட்டியில் மூன்று கோல் அடித்தார். ஆடவர் உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் 1966-இல் ஜெஃப் ஹர்ஸ்ட் அடித்த மூன்று கோல்களுக்குப் பிறகு வேறொருவர் அதைச் செய்தது அன்றுதான். ஆனால் முதல் பாதியில் அவர் ஆடுகளத்தில் இருந்ததே பலருக்குத் தெரியவில்லை; பிரான்ஸ் அந்தப் பாதியில் கோலை நோக்கி ஒரு முறைகூடப் பந்தை உதைக்கவில்லை. இதை எம்பாப்பேயின் சோர்வு என்று எழுதிவிடுவது எளிது. ஆட்டத்தை மறுபடி பார்க்கும்போது, அவரை மட்டுமே பத்து நிமிடம் கண்ணால் பின்தொடருங்கள். பந்து எங்கே போனாலும் கண்ணை எடுக்காதீர்கள். இடப்பக்க ஓரத்தில் அவர் காத்து நிற்பதையும், நடுக்களத்தில் அர்ஜென்டினா பந்தைப் பறித்துக்கொண்டே இருந்ததால் அவரிடம் அது வந்து சேராததையும் காண்பீர்கள். பந்து வராத வீரரிடம் கோலைக் கேட்பது நியாயமில்லை. வந்த பிறகு என்ன செய்தார் என்பதே கேள்வி. அதற்கான விடை வியக்கத்தக்கது: ஆட்டத்தில் இரண்டு பெனால்டி, முடிவில் பெனால்டி உதைகளின் வரிசையில் ஒன்று என ஒரே கோல் காப்பாளருக்கு எதிராக மூன்று முறை உதைத்து, மூன்றையும் கோலாக்கினார்.

மெஸ்ஸியிடம் இதே அளவுகோலை வையுங்கள். அவர் அடித்த இரண்டு கோல்கள் எல்லோர் கணக்கிலும் இருக்கின்றன. கணக்கில் வராதவை இரண்டு உண்டு. முதலாவது, 36-ஆவது நிமிடக் கோலின் தொடக்கம்: மக் அலிஸ்டர் தந்த பந்தை மெஸ்ஸி மென்மையாகத் தட்டி அல்வாரஸின் பாதைக்கு அனுப்ப, அல்வாரஸ் முன்னோக்கி ஓடிய மக் அலிஸ்டருக்குத் தர, அவர் குறுக்கே கொடுத்த பந்தை டி மரியா வலைக்குள் செலுத்தினார். கோலுக்கு உதவியவர் என்ற பெயர் மக் அலிஸ்டருக்குப் போயிற்று. ஆனால் பிரான்சின் தடுப்பைத் திறந்தது மெஸ்ஸியின் அந்த ஒரு தொடுகையே என்பது என் கருத்து. இரண்டாவது அதற்கு நேர்மாறானது: பிரான்சின் இரண்டாவது கோல், கோமான் மெஸ்ஸியிடமிருந்து பந்தைப் பறித்ததில்தான் தொடங்கியது. கோப்பையை ஏந்திய வீரர் என்பதற்காக இதை விட்டுவிடக் கூடாது; இரண்டையும் நோட்டில் எழுதுங்கள்.

படி 3: பயிற்சியாளரின் ஒவ்வொரு முடிவுக்கும் மூன்று கேள்விகள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். அந்த நிமிடத்தில் அவருக்கு என்ன தெரிந்திருந்தது? வேறு என்ன செய்திருக்கலாம்? இந்த முடிவுக்காக எதை இழந்தார்?

பிரான்சின் பயிற்சியாளர் தெஷாமின் 41-ஆவது நிமிட மாற்றத்தை எடுத்துக்கொள்வோம். அர்ஜென்டினாவின் பயிற்சியாளர் ஸ்கலோனி, தோற்றால் வெளியேற வேண்டிய நாக்-அவுட் சுற்றில் அதுவரை நடந்த மூன்று ஆட்டங்களிலும் தொடக்க அணியில் இடம்பெறாத டி மரியாவை, வழக்கமான வலப்பக்கத்தில் அல்லாமல் இடப்பக்கத்தில் நிறுத்தியிருந்தார். அந்தப் பக்கம் பிரான்சால் ஈடுகொடுக்க முடியவில்லை. முதல் பெனால்டியும் டி மரியாவை டெம்பெலே வீழ்த்தியதால் கிடைத்ததுதான். இவை தெஷாமின் கண்முன் நடந்தவை. மேலும், அரையிறுதியில் மொராக்கோவுக்கு எதிராக மாற்று வீரராக இறங்கிய கோலோ முவானி, ஒரு நிமிடத்துக்குள் கோல் அடித்ததும் அவருக்குத் தெரியும். அப்படியானால் ஏன் இடைவேளை வரை நான்கு நிமிடம் பொறுக்கவில்லை? விதிப்படி, 90 நிமிடத்துக்குள் மாற்று வீரர்களை இறக்க மூன்று வாய்ப்புகளே உண்டு. இடைவேளையில் செய்யும் மாற்றம் அந்தக் கணக்கில் சேராது. ஆக, நான்கு நிமிடத்துக்காக அவர் ஒரு வாய்ப்பைச் செலவழித்தார். அது அவர் கொடுத்த விலை. இன்னொரு கோல் விழுந்தால் ஆட்டமே முடிந்துவிடும் என்ற நிலையில் அந்த விலை தகும் என்றே நான் கருதுகிறேன். பிரான்ஸ் தோற்றிருந்தாலும் என் கருத்து மாறாது, தோற்கத்தானே செய்தது.

71-ஆவது நிமிட மாற்றம் இன்னும் சிக்கலானது. கோமான் வந்ததால் இரண்டாவது கோல் பிறந்தது. கிரீஸ்மான் வெளியேறியதால், ஆட்டம் பெனால்டி உதைகளுக்குப் போனபோது அனுபவசாலிகள் ஆடுகளத்தில் குறைந்தார்கள். கோமானின் உதை தடுக்கப்பட்டது, 22 வயது சுவாமெனி பந்தை வெளியே அடித்தார். ஆனால் இரண்டு கோல் பின்தங்கியிருந்த பயிற்சியாளர் பெனால்டி உதைகளை எண்ணி அணியை அமைக்க முடியாது. எனவே இதில் அவரைக் குறை கூறுவதற்கு இடமில்லை.

ஸ்கலோனியின் 64-ஆவது நிமிட முடிவில்தான் எனக்குக் குறை உண்டு. வென்றவர் என்பதால் இதை யாரும் அதிகம் பேசவில்லை. டி மரியாவுக்கு அப்போது வயது 34. நவம்பர் 30-க்குப் பிறகு அவர் எந்த ஆட்டத்தையும் தொடங்கியிருக்கவில்லை. அவரை வெளியே எடுத்ததில் தவறில்லை. அவருடைய இடத்தில் தடுப்பாட்ட வீரரான அகுன்யாவை இறக்கியதுதான் என் கேள்வி. பிரான்சின் வலப்பக்கத்தைப் பின்னுக்குத் தள்ளி வைத்திருந்த அச்சுறுத்தல் அந்த நொடியில் அகன்றது. ஒன்பது நாள்களுக்கு முன் நெதர்லாந்துக்கு எதிரான காலிறுதியில், 2-0 என முன்னிலை வகித்த அதே அணி 83-ஆவது நிமிடத்தில் தொடங்கி இரண்டு கோல்களை விட்டுக்கொடுத்திருந்தது. முன்னிலையைப் பொத்திப் பாதுகாக்க முயன்றால் என்ன ஆகும் என்பது, ஆகவே, ஸ்கலோனி அறியாததன்று. கோப்பை கிடைத்ததால் இந்த முடிவு சரியாகிவிடாது. அதே வேளையில், டி மரியாவை இடப்பக்கத்தில் தொடக்கத்திலேயே நிறுத்திய துணிச்சல்தான் அந்த இறுதிப்போட்டியின் மிகச் சிறந்த பயிற்சியாளர் முடிவு என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

படி 4: பெனால்டி உதைகளைத் தனிப் பக்கத்தில் வையுங்கள்

120-ஆவது நிமிடத்தில், பெனால்டி உதைப்பதற்கென்றே டிபாலாவை ஸ்கலோனி இறக்கினார். அவர் கோல் அடித்தார், எல்லோரும் பாராட்டினார்கள். 2021 ஜூலை 11 அன்று வெம்பிளியில் நடந்த யூரோ இறுதிப்போட்டியில் இங்கிலாந்தின் சவுத்கேட் இதையேதான் செய்தார்: கூடுதல் நேரத்தின் இறுதியில் ராஷ்ஃபோர்டையும் சான்சோவையும் இறக்கினார். ஒருவருடைய உதை கம்பத்தில் பட்டது, மற்றவருடையதை டொன்னரும்மா தடுத்தார்; இத்தாலி வென்றது, சவுத்கேட்டை உலகமே ஏசியது. ஒரே வகை முடிவுக்கு இரு வேறு தீர்ப்புகள். ஆட்டத்தில் பந்தை அதிகம் தொடாத ஒருவரை நேராக உதைக்க அனுப்புவது சரியா என்ற கேள்விக்கு நீங்கள் எந்த விடை வைத்திருந்தாலும், அது டிபாலாவுக்கும் ராஷ்ஃபோர்டுக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

படி 5: மதிப்பெண் போடாமல் வாக்கியமாக எழுதுங்கள்

பத்துக்கு எட்டு என்று போட்டால், எதற்காக எட்டு என்பது மறைந்துவிடும். "எம்பாப்பே 79 நிமிடம் ஆட்டத்துக்கு வெளியே வைக்கப்பட்டிருந்தார், பந்து கிடைத்ததும் ஒன்றையும் வீணாக்கவில்லை" என்று எழுதினால், உங்களோடு மாறுபடுபவர் எந்த இடத்தில் மாறுபடுகிறார் என்று சுட்டிக்காட்ட முடியும்.

தொடங்குவதற்கு முழு ஆட்டமும் வேண்டாம். 64-ஆவது நிமிடம் முதல் 80-ஆவது நிமிடம் வரையிலான பகுதியை மட்டும், வர்ணனையின் ஒலியை அணைத்துவிட்டு, இருமுறை பாருங்கள். முதல் முறை அகுன்யாவை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாம் முறை, டி மரியா இல்லாத அந்தப் பக்கத்தில் பிரான்சின் வலப்பக்கத் தடுப்பாட்ட வீரர் கூண்டே எவ்வளவு முன்னே வந்து நிற்கிறார் என்று பாருங்கள். அதன் பிறகு ஸ்கலோனியைப் பற்றி நான் மேலே எழுதியதோடு நீங்கள் உடன்படுகிறீர்களா, இல்லையா என்பதை உங்கள் நோட்டில் எழுதுங்கள்.