மருந்து பரிந்துரைக்கும் பட்டப்பின் படிப்பு: கொழும்பிலிருந்து செல்லும் தாதியர் எங்கே தொடங்க வேண்டும்?

நூற்றுக்கு நூறு எடுத்தால் மட்டுமே தேர்ச்சி என்ற ஒரு பரீட்சையை, பிரித்தானியாவில் வி300 படிப்பில் சேரும்வரை நான் எங்கும் எழுதியதில்லை. தாதியர் ஒருவர் தாமே நோயாளியைப் பரிசோதித்து, தமது கையொப்பத்துடன் மருந்து எழுதத் தகுதி தரும் பட்டப்பின் படிப்பு அது. அதன் மருந்தியல் பரீட்சைக்கு 80 சதவீதம் போதும். மருந்துக் கணக்குப் பரீட்சைக்கோ 100 சதவீதம் வேண்டும் என்பது அந்நாட்டின் தாதியர், மருத்துவிச்சியர் பேரவையான என்எம்சி வகுத்த விதி. கொழும்பு வைத்தியசாலையொன்றின் வாட்டுகளில் பல ஆண்டுகள் மருந்து கொடுத்துப் பழகிய நான், முதல் முறை 20 கேள்விகளில் 19 கேள்விகளுக்குச் சரியாக விடை எழுதித் தோற்றேன்.

இப்போது வெள்ளவத்தையில் சனிக்கிழமைகளில் என்னிடம் படிக்க வரும் தாதியர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன். இலங்கையில் மருந்து எழுதும் பொறுப்பு வைத்தியர்களுடையது என்பதால், நம் பயிற்சி முழுவதும் பிறர் எழுதியதைச் சரிபார்த்துக் கொடுப்பதிலேயே அமைந்திருக்கிறது. பிரித்தானியாவில் 2006 ஆம் ஆண்டிலிருந்து தாதியரும் மருந்தாளரும், 2013 இலிருந்து இயன்மருத்துவரும் பாத மருத்துவரும், 2018 இலிருந்து அம்புலன்ஸ் பராமெடிக்குகளும் தகுந்த பயிற்சிக்குப் பின் தாமே மருந்து எழுதலாம்.

படி 1: தகுதி

என்எம்சியில் பதிவாகிக் குறைந்தது ஓராண்டு கழிந்திருக்க வேண்டும். நீங்கள் எந்தப் பிரிவில் மருந்து எழுதப் போகிறீர்களோ அந்தப் பிரிவின் அனுபவமும், வேலை செய்யும் இடத்தின் ஒப்புதலும் வேண்டும். இவற்றுக்கான படிவங்களைப் பல்கலைக்கழகமே தரும் என்பதால் இதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை.

படி 2: இரண்டு பேரைத் தேடுங்கள்

விண்ணப்பத்தை அனுப்பும் முன்பே, நடைமுறைப் பயிற்சியை மேற்பார்வை செய்பவர் ஒருவரையும், அதை மதிப்பிடுபவர் ஒருவரையும் கண்டுபிடித்துவிடுங்கள். இருவரும் மருந்து பரிந்துரைப்பதில் அனுபவமுள்ளவர்களாக இருக்க வேண்டும்; விதிவிலக்கான சூழல் தவிர, இருவரும் ஒருவராகவே இருக்க முடியாது. நம்மவர்கள் பெரியவர்களிடம் உதவி கேட்கத் தயங்கி, கடைசி வாரம்வரை தள்ளிப்போடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். "எனக்கு உதவ முடியுமா?" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "செவ்வாய்க்கிழமை காலை உங்கள் கிளினிக்கில் உங்களுடன் இருந்து, நான் பார்க்கும் நோயாளிகளைப் பற்றி உங்களிடம் சொல்லலாமா?" என்று நாளும் இடமும் குறித்துக் கேளுங்கள். அப்படிக் கேட்டபோது என்னை ஒருவரும் மறுக்கவில்லை.

படி 3: கணக்கு

இந்தப் படியில்தான் நான் விழுந்தேன். ஆகவே இங்கே நிதானமாகப் போவோம்.

நான் தவறவிட்ட கேள்வி இதுதான்: 10,000 இல் 1 என்ற செறிவுள்ள அட்ரினலின் கரைசலில், 1 மில்லிகிராம் மருந்து எத்தனை மில்லிலீற்றரில் இருக்கும்? நான் 1 மில்லிலீற்றர் என்று எழுதினேன். சரியான விடை 10 மில்லிலீற்றர். எனக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. வாட்டில் நூற்றுக்கணக்கான முறை உடைத்த சிறிய அட்ரினலின் அம்பூல் 1000 இல் 1 செறிவுள்ளது. அதில் 1 மில்லிலீற்றருக்குள் 1 மில்லிகிராம் இருக்கும். கேள்வியில் "அட்ரினலின்", "1 மில்லிகிராம்" என்ற சொற்களைக் கண்டவுடன், மீதியைப் படித்து முடிக்கும் முன்பே கை விடையை எழுதிவிட்டது. அனுபவம் உள்ளவர்களுக்கே உரிய தவறு இது. புதிதாகப் படிப்பவர் இப்படி விழமாட்டார், ஏனெனில் அவர் ஒவ்வொரு சொல்லையும் பயந்து பயந்து படிப்பார்.

ஆகவே எந்தக் கணக்கையும், விடை மனதில் பளிச்சென்று தெரிந்தாலும், மூன்று வரிகளில் எழுதுங்கள். முதல் வரியில் கையில் உள்ள மருந்தை "ஒரு மில்லிலீற்றரில் இத்தனை மில்லிகிராம்" என்ற ஒரே வடிவத்துக்கு மாற்ற வேண்டும். விகிதமாகச் சொல்லப்பட்ட செறிவு கிராமுக்கும் மில்லிலீற்றருக்கும் இடையிலானது: 10,000 இல் 1 என்றால் 10,000 மில்லிலீற்றரில் 1 கிராம், அதாவது 1000 மில்லிகிராம், எனவே ஒரு மில்லிலீற்றரில் 0.1 மில்லிகிராம். சதவீதம் என்பது 100 மில்லிலீற்றரில் உள்ள கிராம்: 1 சதவீத லிடோகெயின் என்றால் 100 மில்லிலீற்றரில் 1000 மில்லிகிராம், எனவே ஒரு மில்லிலீற்றரில் 10 மில்லிகிராம். இரண்டாம் வரியில் நோயாளிக்கு வேண்டிய அளவை எழுதுங்கள். மூன்றாம் வரியில் வகுத்து விடை காணுங்கள்; பின்னர் அந்த விடையை முதல் வரியால் பெருக்கி, இரண்டாம் வரிக்குத் திரும்பி வருகிறீர்களா என்று பாருங்கள்.

12 கிலோகிராம் எடையுள்ள குழந்தைக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் பரசிற்றமோல் ஒரு வேளை கொடுக்க வேண்டும். போத்தலில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வரி: ஒரு மில்லிலீற்றரில் 24 மில்லிகிராம். இரண்டாம் வரி: 12 ஐ 15 ஆல் பெருக்கினால் 180 மில்லிகிராம். மூன்றாம் வரி: 180 ஐ 24 ஆல் வகுத்தால் 7.5 மில்லிலீற்றர். திரும்பிப் பார்த்தால் 7.5 ஐ 24 ஆல் பெருக்க 180 வருகிறது. இந்தத் திரும்பும் பெருக்கலை என் அட்ரினலின் விடைக்குச் செய்திருந்தால், 1 மில்லிலீற்றருக்கு 0.1 மில்லிகிராம்தான் கிடைத்திருக்கும். தவறு அங்கேயே தெரிந்திருக்கும்.

பயிற்சிக்கு நான் சிபாரிசு செய்வது சதுரக் கோடுள்ள கொப்பியும் பேனையும் மட்டுமே. ஒவ்வொரு இலக்கமும் தனிக் கட்டத்தில், தசமப் புள்ளியும் தனிக் கட்டத்தில் அமர வேண்டும். பூச்சியம் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் கண்ணுக்கு உடனே படும். கைபேசியில் கிடைக்கும் மருந்துக் கணக்குச் செயலிகளை இந்தக் கட்டத்தில் தொடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் அவை விடையைத் தந்துவிட்டு வழியை மறைத்துவிடுகின்றன.

படி 4: எழுதும் முறையை மாற்றுங்கள்

கொழும்பில் மருந்துக்கடையில் நாம் காணும் துண்டுகளில் "பிடி" (நாளுக்கு இருமுறை), "டிடிஎஸ்" (நாளுக்கு மும்முறை) என்ற சுருக்கங்களும், மைக்ரோகிராமுக்குச் சுருக்கெழுத்தும் சாதாரணம். பிரித்தானியாவின் மருந்துக் கையேடான பிஎன்எஃப் வேறு ஒழுங்கைக் கேட்கிறது. மைக்ரோகிராம், நானோகிராம், யுனிட் ஆகிய சொற்களைச் சுருக்காமல் முழுமையாக எழுத வேண்டும். ஒரு மில்லிகிராமுக்குக் குறைந்த அளவுகளை மைக்ரோகிராமில் எழுத வேண்டும்: டிகொக்ஸினை 0.0625 மில்லிகிராம் என்று எழுதாமல் 62.5 மைக்ரோகிராம் என்று எழுதுங்கள். 3 என்பதை 3.0 என்று எழுதக் கூடாது. புள்ளி மங்கினால் அது 30 ஆகிவிடும். புள்ளி தவிர்க்க முடியாத இடத்தில் அதற்கு முன் பூச்சியம் இருக்க வேண்டும்.

பெயர்களும் மாறும். இங்கே பழைய வாட்டுகளில் நாம் லிக்னோகெயின் என்றும் புருசமைட் என்றும் கேட்டு வளர்ந்தோம்; அங்கே அவை லிடோகெயின், ஃபியூரோசமைட். அட்ரினலின் மட்டும் அட்ரினலினாகவே இருக்கிறது.

படி 5: உங்கள் சொந்த மருந்துப் பட்டியல்

படிப்பு தொடங்கிய முதல் மாதத்திலேயே எல்லா மருந்துகளையும் படித்துவிட முயல்பவர்கள் களைத்துப்போகிறார்கள். உங்கள் பிரிவில் அன்றாடம் பயன்படும் ஐந்து மருந்துகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் பயன், பாதுகாப்பு, நோயாளிக்குப் பொருத்தம், விலை ஆகிய நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதி, இதே நோய்க்கு உள்ள வேறு மருந்தை விட்டு ஏன் இதைத் தேர்ந்தேன் என்று நீங்களே ஒரு பந்தி எழுதுங்கள். உலக சுகாதார அமைப்பு 1994 இல் வெளியிட்ட பரிந்துரைக் கையேடு கற்பிக்கும் வழி இதுதான். நம் மண்ணுக்கு இது புதிதும் அல்ல: தேவையான மருந்துகளை நியாயமான விலையில் தேர்ந்தெடுத்து வாங்க வேண்டும் என்று மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே வாதாடியதன் பயனாகவே 1971 இல் அரச மருந்துக் கூட்டுத்தாபனம் உருவானது, இன்று ஒசுசல என்ற அரச மருந்துக்கடைகளை நடத்துவது அதுவே. என் மாணவியர்க்கு இதைச் சொல்லும்போது, விலை என்ற நான்காவது கேள்வியை அவர்கள் அலட்சியம் செய்வதில்லை.

நோயாளிகளைப் பார்த்த அனுபவங்களைப் பதிவேட்டில் எழுதும்போது, எல்லாப் பரிந்துரையாளருக்கும் பொதுவாக வகுக்கப்பட்ட பத்துத் திறன்களில் எதைக் காட்டினீர்கள் என்று அன்றே ஓரத்தில் குறித்துவிடுங்கள். முடிவில் உட்கார்ந்து தேடினால் நினைவு வராது.

பின்னர் சேர்த்தவை

இப்பதிவின் முதல் வடிவைப் படித்துப் பிஎன்எஃப் இணையத்தளம் திறக்கவில்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். அதன் இலவச வடிவம் பிரித்தானியாவில் இருப்போருக்கு மட்டுமே திறக்கும். இங்கிருந்து படிப்பவர்கள் அச்சுப் பிரதி வாங்க வேண்டும். பழைய பிரதியைக் கணக்குப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மருந்தளவை அதிலிருந்து மனப்பாடம் செய்யாதீர்கள், ஏனெனில் அந்நூல் ஆண்டுக்கு இருமுறை புதுப்பிக்கப்படுகிறது.

கொழும்பில் வேலை செய்துகொண்டே இணையவழியில் இந்தப் படிப்பை முடிக்கலாமா என்றும் கேட்டிருந்தார்கள். முடியாது, என்எம்சி பதிவும், அங்கே மேற்பார்வையின் கீழ் நோயாளிகளைப் பார்ப்பதும் கட்டாயம். மருந்தாளர்களும் அங்கேயே பயிற்சி பெற வேண்டும்; அவர்களுக்குக் குறைந்தது 90 மணிநேரம் மேற்பார்வையில் பயிற்சி உண்டு, வழிகாட்டியாக நியமிக்கப்பட்ட பரிந்துரையாளர் ஒருவர் வேண்டும்.

கடைசியாக, படிப்பை முடித்தும் தகுதியைப் பதிவு செய்யாமல் விட்ட ஒரு தங்கையின் கடிதம் வந்தது. சான்றிதழ் கைக்கு வந்தாலும், என்எம்சி பதிவில் உங்கள் பெயருக்கு எதிரே அத்தகுதி குறிக்கப்படும்வரை நீங்கள் மருந்து எழுத முடியாது. படிப்பை முடித்த ஐந்து ஆண்டுகளுக்குள் அந்தப் பதிவைச் செய்துவிட வேண்டும். தவறினால் மீண்டும் படிக்க நேரும். பெறுபேறு வந்த வாரத்திலேயே செய்துவிடுங்கள்.