நைட் டூட்டிக்கு நடுவே ஆஸ்பத்திரி மேனேஜ்மென்ட் படிப்பது எப்படி

போன வாரம் ஹேண்டோவர் முடிந்து கிளம்பும்போது எங்கள் வார்டு சிஸ்டர் ஒருத்தி கேட்டாள். "அக்கா, நீங்க படிச்ச எம்பிஏவ நானும் படிக்கட்டா? எந்த யுனிவர்சிட்டி நல்லாருக்கும்?" நான் திருப்பிக் கேட்டேன், "ஒனக்கு மாசத்துல எத்தன நைட் விழுது?" படிப்பைப் பற்றிக் கேட்டால் இவள் ரோஸ்டரைப் பற்றிப் பேசுகிறாளே என்று முழித்தாள். திருநெல்வேலி ஜங்ஷனில் ரயில் ஏறி அம்பாசமுத்திரம் போய்ச் சேரும்வரை அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வண்ணார்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வார்டு இன்சார்ஜாக இருக்கிறேன். 2022-ல் தொலைமுறையில் மருத்துவமனை மேலாண்மை எம்பிஏ சேர்ந்தேன். இரண்டு வருடப் படிப்பு. மூன்று வருடத்தில் முடித்தேன். அதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை, கணக்கைப் பார்த்தால் ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

தொலைமுறைப் படிப்பில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேர உழைப்பு. எம்பிஏவுக்கு 100 கிரெடிட் என்று வைத்துக்கொண்டால் 3,000 மணி நேரம். இரண்டு வருடத்தில், அதாவது 104 வாரத்தில் முடிக்க நினைத்தால் வாரத்துக்கு 29 மணி நேரம் வரும். வாரத்துக்கு 48 மணி நேரம் டூட்டி பார்த்து, ரயிலில் போய்வந்து, சோறும் பொங்குகிறவளுக்கு அது எங்கே கிடைக்கும்? மூன்று வருடம் என்றால் 19 மணி நேரம். அதுவும் கஷ்டம்தான், ஆனால் முடிகிற கஷ்டம். அதனால் புராஸ்பெக்டஸில் முதலில் தேட வேண்டியது அதிகபட்சக் கால அளவு. இரண்டு வருட எம்பிஏவை நான்கு வருடம்வரை இழுத்துக்கொள்ள விடும் இடமாகப் பாருங்கள். ஓராண்டுப் பட்டயம் போதும் என்றால் இக்னோ என்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனை, சுகாதார மேலாண்மை முதுநிலைப் பட்டயம் இருக்கிறது. ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டும். செய்முறை வகுப்புகளும் உண்டு, அவை எந்த ஊரில் நடக்கும் என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

அடுத்தது தகுதி. ஜிஎன்எம் என்ற நர்சிங் படிப்பு முடித்த பிள்ளைகள் இதில் அடிக்கடி ஏமாறுகிறார்கள். ஜிஎன்எம் டிப்ளமோதான், பட்டம் இல்லை. லேப் டெக்னீஷியன் படிப்பான டிஎம்எல்டியும் அப்படியே. எம்பிஏவுக்குப் பட்டம் வேண்டும். பிஎஸ்சி நர்சிங்கோ, ஜிஎன்எம்முக்குப் பிறகு படிக்கும் போஸ்ட் பேசிக் பிஎஸ்சியோ, பிகாமோ எதுவானாலும் சரி. "அனுபவம் இருக்குல்லா, அதவச்சு போட்டுரலாம்" என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் அந்த இடத்திலேயே போனை வைத்துவிடுங்கள்.

ஏஜென்ட் என்றதும் இன்னொன்று. என்னோடு வேலை பார்த்த ஒருவர் 'ஒன் சிட்டிங்' என்று நம்பிப் பணம் கட்டினார். ஒரே தடவையில் எல்லாப் பரீட்சையும், ஆறு மாதத்தில் பட்டம் என்றார்களாம். சர்டிபிகேட் அழகாகத்தான் வந்தது. வேறு ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போனபோது அங்கே சரிபார்க்க அனுப்பியதில் குட்டு உடைந்தது. பணம் போனது ஒருபுறம், அந்த மனுஷர் முகத்தை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

இதற்குச் செலவில்லாத மருந்து உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவு இணையதளத்தில் அனுமதி பெற்றவர்களின் பட்டியல் இருக்கும். அதில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரும் பாடத்தின் பெயரும் இருக்க வேண்டும், சேரும் பருவமும் இருக்க வேண்டும். ஒரே பல்கலைக்கழகத்துக்கு ஒரு பாடத்தில் அனுமதி இருக்கும், இன்னொன்றில் இருக்காது. இப்போது இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். 2021-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்களுக்கான சட்டத்தின் கீழ் வரும் பாடங்களை 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து தொலைமுறையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று யுஜிசி நிறுத்திவிட்டது. உளவியல், நுண்ணுயிரியல், உணவியல் எல்லாம் அதில் போயின. மேலாண்மை என்ற பெயரில் இருப்பதும், மருத்துவம் என்ற பெயரில் இருப்பதும் இந்த விஷயத்தில் ஒன்றல்ல. பாடத்தின் முழுப்பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

2024-லிருந்து தொலைமுறையில் சேர, யுஜிசியின் அந்தப் பிரிவு தரும் டெப் ஐடி என்று ஒன்றும் வேண்டும். அதற்கு முதலில் நம் கிரெடிட்களைச் சேர்த்துவைக்கும் கணக்கான ஏபிசி ஐடி, அதற்கு ஆதார். இங்கேதான் நம்மூர் இனிஷியல் காலை வாரிவிடும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல் பெயருக்கு முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால், நர்சிங் கவுன்சில் பதிவில் கல்யாணத்துக்குப் பிறகு மாற்றிய இனிஷியல். என் தங்கை மகளுக்கு இதை நேராக்க ஒன்றரை மாதம் ஆனது, அதற்குள் அட்மிஷன் முடிந்துவிட்டது. மார்க் ஷீட்டில் உள்ளபடி ஆதாரை மாற்றிக்கொண்ட பிறகு விண்ணப்பத்தைத் திறங்கள். அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்கள் சேரும் முன்பே எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு வாங்குவது படிப்பதைவிடக் கஷ்டம்.

இனி ரோஸ்டர். எங்களுக்குக் காலை 8 முதல் 2, மதியம் 2 முதல் இரவு 8, பிறகு விடியவிடிய நைட். முதல் செமஸ்டரில் நான் செய்த மடத்தனம், நைட்டில் வார்டு அடங்கிய பிறகு படிக்கலாம் என்று புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு போனது. மூன்று மணிக்கு ஒரே பக்கத்தை நான்கு தடவை படித்தேன், ஒன்றும் ஏறவில்லை. ஆறாம் பெட்டில் டிரிப் முடிந்து கிடந்ததை ஆயாம்மா வந்து சொன்ன பிறகுதான் பார்த்தேன். அன்றோடு டூட்டி நேரத்தில் புத்தகம் தொடுவதை நிறுத்திவிட்டேன். நைட் முடித்த மறுநாளும் படிக்க உட்காராதீர்கள், தூங்குங்கள். மதியம் ஷிப்டு விழும் வாரம்தான் பொன். விடிகாலை ஐந்திலிருந்து ஏழரை வரை, பால்காரர் மணி அடிக்கும்வரை, வீடே நம்முடையது. கடினமான பாடங்களை அந்த வாரத்துக்கு ஒதுக்குங்கள். ரயிலில் ஒரு மணி நேரம் பக்கம் கிடைக்கும், அதில் எழுத முடியாது, வாசிக்கலாம். கல்லிடைக்குறிச்சியில் கூட்டம் ஏறிவிட்டால் அதுவும் இல்லை.

பரீட்சை பெரும்பாலும் ஜூனிலும் டிசம்பரிலும் வரும். மேட்ரனிடம் மூன்று மாதம் முன்பே சொன்னேன். "எம்மா, ஒனக்குப் பரீட்சைன்னா மத்தவளுக்குக் கல்யாணங் காச்சி இருக்காதா?" என்றார்கள். நியாயம்தான். அதனால் பண்டமாற்று செய்தேன். பாளையங்கோட்டைப் பிள்ளைகளுக்கு கிறிஸ்துமஸ் வாரம் வேண்டும். அந்த வாரம் முழுக்க நான் டூட்டி பார்க்கிறேன், டிசம்பரில் அதற்கு முன் வரும் என் பரீட்சை நாட்களை நீங்கள் பாருங்கள் என்று பேசிக்கொண்டோம். ஜூன் மாதம் வீட்டில் பஞ்சாயத்து. என் மாமியார் வீடு டவுணில், ஆனித் தேரோட்டத்துக்குப் போகாவிட்டால் அத்தை ஒரு வருடம் சொல்லிக் காட்டுவார்கள். ஒரு வருடம் தேர் இழுத்த மறுநாள் புள்ளியியல் எழுதினேன். மார்க்கைக் கேட்காதீர்கள்.

ஒரு பேப்பர் மட்டும் யார் பேச்சுக்கும் அடங்காமல் போனது. 2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி வண்ணார்பேட்டைக்குள் வந்தது. ஞாயிறு ராத்திரி நைட்டுக்குப் போனவள், ஆள் மாற்ற யாரும் வர முடியாமல் செவ்வாய்வரை அங்கேயே இருந்தேன். திங்கள் என் பேப்பர். அதை அடுத்த ஜூனில் எழுதினேன். இப்படி ஒரு தாளாவது விட்டுப்போகும் என்று முன்கூட்டியே மனதில் வைத்துத்தான் மூன்று வருடம் என்று சொல்கிறேன்.

பாடங்களில் பாதி நமக்கு ஏற்கெனவே தெரியும், பெயர்தான் தெரியாது. பயோமெடிக்கல் வேஸ்ட்டை மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பிரிப்பது 2016 விதிகளில் வருகிறது என்று படிக்கும்போது, தினமும் ஆயாம்மாவோடு சண்டை போடும் விஷயம்தானே என்று இருக்கும். சரக்கு மேலாண்மைப் பாடத்தில் ஏபிசி பகுப்பாய்வு எனக்கு விளங்கவில்லை. ஸ்டோர் அண்ணாச்சியிடம் கேட்டேன். "நூறு சாமான் இருந்தா தாயி, பத்து சாமான்தான் ரூவாய முழுங்கும். அந்தப் பத்தத் தெனம் எண்ணுவேன். பஞ்சு, பிளாஸ்டரெல்லாம் வாரத்துக்கு ஒருக்க பாத்தாப் போதும்" என்றார். அவ்வளவுதான் ஏபிசி. ஆனால் அட்ரினலின் ஊசி விலை குறைவு, இந்தக் கணக்கில் கடைசி வரிசையில் விழும். அது இல்லாமல் போனால் ஆள் போய்விடும். அதற்காகத்தான் உயிர்காப்பது, அவசியமானது, இருந்தால் நல்லது என்று இன்னொரு பிரிப்பு வைத்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து எழுதினால் அந்தக் கேள்விக்கு முழு மார்க் விழும்.

மீதிப் பாதி கணக்கு. நர்சுகள் விழுவது இங்கேதான். பயப்படாமல் உங்கள் ஆஸ்பத்திரி எண்களைப் போட்டுப் பழகுங்கள். 50 பெட், 30 நாள் என்றால் 1,500 பெட்-நாள். அதில் 1,200-ல் ஆள் படுத்திருந்தால் நிரம்பிய விகிதம் 80 சதவீதம். லேப் மெஷினுக்கு மாத வாடகை 30,000 ரூபாய், ஒரு டெஸ்டுக்கு வாங்குவது 200, ரீஏஜென்ட் என்ற பரிசோதனை ரசாயனச் செலவு 80 என்றால், ஒரு டெஸ்டில் கையில் நிற்பது 120. முப்பதாயிரத்தை 120-ஆல் வகுத்தால் 250. மாதம் 250 டெஸ்டுக்கு மேல் போனால்தான் லாபம். இதற்கு ஒரு அத்தியாயம் முழுக்க எழுதி வைத்திருக்கிறார்கள். தரப் பாடத்துக்கு, ஆஸ்பத்திரிகளுக்குத் தரச் சான்று தரும் என்ஏபிஹெச்சின் தர நூலின் 10 அத்தியாயங்களையும் வார்டு ஃபைலோடு வைத்துப் படியுங்கள். உதாரணம் தேடி அலைய வேண்டாம்.

கையால் எழுதிப் பழகுவது தனி வேலை. கேஸ் ஷீட்டில் நான்கு வரி எழுதியே பழகிய கை, மூன்று மணி நேரம் எழுத இரண்டாம் மணியிலேயே மரத்துப்போகும். பரீட்சைக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பழைய கேள்வித்தாளை வைத்து, கடிகாரம் பார்த்து எழுதினேன். அசைன்மென்டை அசட்டையாக விடாதீர்கள். இக்னோ போன்ற இடங்களில் அதற்கு 30 சதவீதம், பரீட்சைக்கு 70.

கடைசியாக புராஜெக்ட். 'சென்னை மருத்துவமனைகளில் நோயாளி திருப்தி' என்று காசுக்கு எழுதித் தருபவர்கள் இருக்கிறார்கள். வாய்மொழித் தேர்வில் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். உங்கள் வார்டில் உங்களுக்கு எரிச்சல் தரும் ஒன்றை எடுங்கள். எனக்கு டிஸ்சார்ஜ் தாமதம். டாக்டர் "வீட்டுக்குப் போலாம்" என்று சொன்ன நேரம், சம்மரி டைப் ஆன நேரம், மிஞ்சிய மருந்து பார்மசிக்குத் திரும்பிய நேரம், பில் வந்த நேரம், ஆள் பெட்டை விட்டு எழுந்த நேரம் என்று ஒரு நோட்டில் ஐந்து கட்டம் போட்டு 40 பேருக்குக் குறித்தேன். எல்லாரும் பில்லிங் கவுண்டரைத்தான் திட்டுவோம். பார்த்தால், மருந்தைத் திருப்பும் வேலையை ஒரே அட்டெண்டர் பன்னிரண்டு மணிக்கு மொத்தமாகச் செய்துகொண்டிருந்தார். அதைப் பத்து மணிக்கு ஒரு தடவை, பன்னிரண்டுக்கு ஒரு தடவை என்று பிரித்ததில் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே பெட் காலியாக ஆரம்பித்தது. இன்சூரன்ஸ் கேஸ்களுக்கு டிஸ்சார்ஜ் ஒப்புதல் மூன்று மணி நேரத்துக்குள் வர வேண்டும் என்று 2024-ல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ சுற்றறிக்கை போட்டதும் என் அறிக்கைக்குக் கை கொடுத்தது.

நோட்டில் நோயாளி பெயர் எழுதாதீர்கள், ஐபி என்ற உள்நோயாளி நம்பரும் வேண்டாம், வரிசை எண் போதும். நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கி ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டியின் கையெழுத்தும் பயோடேட்டாவும் சேர்த்து முன்மொழிவு ஏற்கப்படும்வரை ஒரு எண்கூடக் குறிக்க வேண்டாம். நான் அவசரப்பட்டு முதலில் குறித்த 15 பேரையும் அடித்துவிட்டு ஒன்றிலிருந்து திரும்பத் தொடங்கினேன்.