புல்லட் 350 கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யும் முறை

வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட பழைய புல்லட் 350 வண்டியை மீட்டெடுப்பவர்கள் பெயின்ட்டுக்கும் குரோமுக்கும் காட்டும் பொறுமையை, பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்கும் காட்ட வேண்டும். திருவொற்றியூர் ஆலையில் உருவான இந்த 346 சிசி வண்டிகளில் பலவற்றில், ஜப்பானின் மிகுனி நிறுவனத்தின் உரிமத்தில் யூகால் நிறுவனம் தயாரித்த மிக்கார்ப் விஎம் 24 கார்புரேட்டரைக் காணலாம். வண்டி சரியாக ஓடவில்லை என்றதும் கடையில் ஒரு ரிப்பேர் கிட் வாங்கி, உள்ளே இருக்கும் பித்தளைப் பாகங்கள் அனைத்தையும் மாற்றிவிடுவது வழக்கமாகிவிட்டது. இது தவறு என்பது என் உறுதியான கருத்து. பெட்ரோலை அளந்துவிடும் நுண்துளை கொண்ட பித்தளைத் திருகுகளான ஜெட்டுகள், பழையவையானாலும் பெரும்பாலும் அடைபட்டிருக்குமே தவிர, தேய்ந்திருப்பதில்லை. மலிவான கிட்டில் வரும் ஜெட்டின் துளையோ அதன்மேல் பொறித்த எண்ணுக்குப் பொருந்தும் என்று நம்புவதற்கில்லை. அப்படியொரு புதிய மெயின் ஜெட்டால் ஒரு மாதம் கரும்புகையோடு அலைந்த பிறகு, பழையதையே சுத்தம் செய்து மாட்டித்தான் நான் நிம்மதி அடைந்தேன்.

முதலில் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் தங்கியிருக்கும் பெட்ரோலை ஒரு கண்ணாடிக் குவளையில் வடித்துப் பார்க்க வேண்டும். அடியில் பழுப்புத் தூள் படிந்தால் டேங்க்கின் உட்புறம் துருப்பிடித்திருக்கிறது என்று பொருள்; அதைச் சரிசெய்யாமல் கார்புரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை. முத்து முத்தாகத் திரண்டு நிற்பது தண்ணீர். இன்றைய பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்வதால், நாள்கணக்கில் நின்ற வண்டியில் இது எளிதில் சேரும். பிசின்போல ஒட்டும் படலம் இருந்தால், பெட்ரோல் நெடுநாள் உலர்ந்து கிடந்திருக்கிறது.

கழற்றும்போது இரண்டு அளவுகளை எழுதிவைப்பது அவசியம். ஐடிலிங்கில், அதாவது திராட்டிலைத் திருகாமல் எஞ்சின் மெதுவாக ஓடும்போது, காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் ஏர் ஸ்குரூவை வெளியே எடுப்பதற்கு முன் மெதுவாக உள்ளே திருகி, அது எத்தனை சுற்றில் அடியில் போய் அமர்கிறது என்று எண்ணிக்கொள்ள வேண்டும். அடுத்து, திராட்டிலைத் திருகும்போது ஏறி இறங்கும் ஸ்லைடோடு தொங்கும் ஊசியான நீடிலில், அதைப் பிடித்திருக்கும் கிளிப் எந்தப் பள்ளத்தில் இருக்கிறது என்று குறிக்க வேண்டும். ஜெட்டுகளின் தலைக்குச் சரியாகப் பொருந்தாத திருப்புளியைப் பயன்படுத்தினால் மென்மையான பித்தளை சிதைந்துவிடும்; இறுகிப்போன ஜெட்டுக்குத் துரு இளக்கும் எண்ணெயை இட்டு ஓரிரவு காத்திருப்பதே நல்லது.

சுத்தம் செய்வதில் பெரும்பங்கு உழைப்பை, ஐடிலிங்குக்குப் பெட்ரோல் தரும் பைலட் ஜெட் கேட்கும். இதன் துளை மிக நுண்ணியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் முழு வட்டமாகத் தெரிய வேண்டும். பாதி அடைபட்டிருந்தால்கூட வண்டி ஐடிலிங்கில் நிற்காது. எஃகுக் கம்பியாலோ குண்டூசியாலோ குத்தினால் துளை பெரிதாகிவிடும் என்பதால், கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, கம்ப்ரெசர் காற்றால் ஊத வேண்டும். மிகவும் பிடிவாதமான அடைப்புக்கு நைலான் இழை ஒன்றைச் செலுத்திப் பார்க்கலாம். கார்புரேட்டர் உடலுக்குள் ஓடும் வழிகளுக்கும் இதே முறைதான்: ஒரு துளையில் கிளீனரைப் பீய்ச்சினால் அது மறுதுளை வழியாகத் தடையின்றி வெளிவர வேண்டும். அது கண்ணில் தெறிக்கக்கூடும் என்பதால் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். ஓ-ரிங், வாஷர் போன்றவற்றை முன்னதாகவே எடுத்துவிட வேண்டும். எலுமிச்சைச் சாறு, வினிகர் முதலியவை உலோகத்தை அரிக்கும் என்பதால் அவற்றில் ஊறவைக்கக் கூடாது.

மாற்ற வேண்டியவை உண்மையில் சிலவே. ரப்பர் பாகங்கள் அனைத்தையும் மாற்றலாம். அடிக்கிண்ணத்துக்குப் பெட்ரோல் வரும் வழியை மூடித் திறக்கும் ஃப்ளோட் நீடிலின் முனையில் வளையமாகத் தடம் விழுந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். கால்வாசி திராட்டிலில் வண்டி புகைத்துத் திணறினால், ஸ்லைடில் தொங்கும் நீடிலும் அது நுழையும் நீடில் ஜெட்டும் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்திருக்கலாம். அப்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுவது சரி. கார்புரேட்டர் எஞ்சினோடு போல்ட்டில் பொருந்தும் வகையானால், எஞ்சினோடு சேரும் அதன் முகப்பை ஒரு தட்டையான கண்ணாடிமேல் வைத்துப் பாருங்கள். அளவுக்கு மீறி இறுக்கியதால் அது வளைந்திருப்பது உண்டு; அந்த இடைவெளியில் காற்று புகுந்தால் எந்த ஜெட்டாலும் ஈடுகட்ட முடியாது. கண்ணாடிமேல் நுண்ணிய உப்புத்தாளை விரித்து மெல்லத் தேய்த்தால் சமமாகிவிடும்.

பூட்டும்போது ஸ்லைடின் அடியில் சரிவாக வெட்டிய பகுதி ஏர் ஃபில்டரைப் பார்த்திருக்க வேண்டும். அடிக்கிண்ணத்தை மூடுமுன் கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து, பெட்ரோல் நுழையும் குழாயில் வாயால் ஊதிப் பாருங்கள். மிதவையான ஃப்ளோட்டின் எடையிலேயே காற்று முழுதாக நின்றுவிட வேண்டும். வண்டியில் ஏற்றியதும் ஹேண்டில்பாரை இருபுறமும் திருப்பி, திராட்டில் தானாக மூடிக்கொள்கிறதா என்று எஞ்சினை இயக்குமுன் சோதிப்பது கட்டாயம்.

எஞ்சின் நன்றாகச் சூடான பின்பே டியூனிங். ஏர் ஸ்குரூவை ஒன்றரைச் சுற்று வெளியே வைத்துத் தொடங்கி, எஞ்சின் வேகமாகவும் சீராகவும் ஓடும் இடத்தைத் தேடிப்பிடித்து, பிறகு ஐடிலிங் ஸ்குரூவால் வேகத்தைக் குறைக்க வேண்டும். சில கிலோமீட்டர் ஓட்டியபின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளிர் பழுப்பு நிறம் சரியான கலவையைக் காட்டும். வெளுத்திருந்தால் நீடில் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்குங்கள், கரி படிந்திருந்தால் ஒரு பள்ளம் மேலே ஏற்றுங்கள்; ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, மீண்டும் அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள்.