வேளாண் பொறியியல்: சேர்வதும் படிப்பதும் வேலைக்குப் போவதும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் எனக்கு வருகிற போன்களில் பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அக்கா, பி.எஸ்சி. அக்ரி கிடைக்கலைன்னா அக்ரி இன்ஜினியரிங் எடுக்கலாமா?"

கிடைக்காததற்குப் பதிலாக எடுக்கிற படிப்பு இல்லை இது. பி.எஸ்சி. வேளாண்மை பயிரைப் படிப்பது. இங்கே நாம் படிப்பது பயிரைச் சுற்றி இருக்கிற தண்ணீர், இயந்திரம், மின்சாரம், உலர்த்துவது, சேமிப்பது, இவை எல்லாவற்றையும் குறித்த நாளுக்குள் ஒன்றோடொன்று பொருத்துவது. அமெரிக்காவில் பர்டூ போன்ற பல்கலைக்கழகங்களில் இந்தக் கடைசி வேலைக்கென்றே வேளாண் அமைப்பு மேலாண்மை என்று தனிப் பட்டம் உண்டு. நம் ஊரில் அதைக் கற்றுக்கொள்ள நேர்வழி வேளாண் பொறியியல்தான்.

"பொருத்துவது" என்றால் என்னவென்று எங்கள் மன்னார்குடிப் பக்கத்து அறுவடையை வைத்தே சொல்கிறேன். இதில் மனசு ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டவில்லை என்றால் வேறு படிப்பு எடுப்பது நல்லது.

ஒரு கிராமத்தில் 500 ஏக்கர் சம்பா நெல், 18 நாளில் அறுத்தாக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சேற்றில் இறங்குகிற பெல்ட் போட்ட அறுவடை வண்டியின் வெட்டும் அகலம் 2 மீட்டர், வேகம் மணிக்கு 3 கிலோமீட்டர். பெருக்கினால் மணிக்கு 6,000 சதுர மீட்டர், அதாவது 0.6 ஹெக்டேர். ஆனால் வண்டி வரப்போரம் திரும்ப வேண்டும், தொட்டி நிறைந்தால் நெல்லைக் கொட்ட வேண்டும், சாய்ந்த பயிரில் மெதுவாகப் போக வேண்டும். அதையெல்லாம் கழித்து 65 சதவீதம் என்று வைத்தால் 0.39 ஹெக்டேர், கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். தை மாதத்தில் பனி காயாமல் வயலில் வண்டி இறக்க முடியாது. ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் ஓடினாலே பெரிது. ஆக ஒரு வண்டி நாளுக்கு 7 ஏக்கர். 500 ஏக்கரை 18 நாளில் முடிக்க நான்கு வண்டி தேவை.

பாதிப் பேர் இங்கேயே பேனாவை மூடிவிடுவார்கள். நான்கு வண்டி ஓடினால் ஒரு நாளில் 28 ஏக்கர் அறுபடும். ஏக்கருக்கு 40 கிலோ சிப்பம் 60 என்று வைத்தால் 1,680 சிப்பம். கொள்முதல் நிலையம் ஒரு நாளைக்கு 800 சிப்பம் பிடித்தால் மீதி 880 எங்கே போகும்? களத்தில் குவியும். வயலிலிருந்து வரும்போதே அந்த நெல்லில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கலாம். கொள்முதலுக்கான வழக்கமான வரம்பு 17 சதவீதம். ஒரு மழை பெய்தால் குவியல் சூடேறி முளைவிடும். இங்கே இடிப்பது அறுவடை வண்டி இல்லை, களமும் உலர்த்தியும் சாக்கும்தான். ஐந்தாவது வண்டிக்குக் கொடுக்கிற காசை ஒரு நடமாடும் உலர்த்திக்குக் கொடுத்தால் கிராமத்துக்கு அதிகம் மிஞ்சும். இந்த இடத்தை வயலுக்கு இறங்கும் முன்பே காகிதத்தில் கண்டுபிடிக்கிறவர்தான் வேளாண் பொறியாளர். இந்தக் கணக்கைப் படிக்கும்போது உங்களுக்கு ஆர்வம் வந்திருந்தால் மேலே படியுங்கள்.

சேர்வதற்கு முதல் நிபந்தனை பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல். கணிதம் இல்லாத உயிரியல் பிரிவுக்காரர்களுக்கு இந்தக் கதவு திறக்காது. வழி இரண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பி.டெக்., அதற்கு அவர்களே தனியாகக் கலந்தாய்வு நடத்துகிறார்கள். கோயம்புத்தூரிலும், லால்குடி பக்கம் குமுளூரிலும் கல்லூரிகள் இருக்கின்றன. இன்னொன்று அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளின் பி.இ., அது பொறியியல் கலந்தாய்வில் வரும். இரண்டுக்கும் விண்ணப்பம் தனித்தனி, கடைசித் தேதியும் தனித்தனி. ஒன்றுக்குப் போட்டால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத ஒதுக்கீடு இந்த இரண்டு பக்கமும் உண்டு. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுதுகிறவர்கள் கரக்பூர் ஐ.ஐ.டி.யை மறக்க வேண்டாம். அங்கே வேளாண்மை, உணவுப் பொறியியலுக்குத் தனித் துறையே இருக்கிறது.

தனியார் கல்லூரி என்றால் சீட்டை உறுதி செய்யும் முன் ஒரு முறை நேரில் போய்வாருங்கள். கட்டடத்தைப் பார்க்க வேண்டாம். நிலம் எங்கே இருக்கிறது, அதில் இப்போது என்ன பயிர் நிற்கிறது என்று கேளுங்கள். டிராக்டரின் டயரைப் பாருங்கள். அதில் சேறு இருக்க வேண்டும். பாடம் நடத்துகிறவர்களில் எத்தனை பேர் வேளாண் பொறியியலே படித்தவர்கள் என்று கேளுங்கள். எல்லாரும் மெக்கானிக்கல், சிவில் படித்தவர்களாகவே இருந்தால் உங்களுக்குக் கிடைப்பதும் அரைகுறை மெக்கானிக்கலும் அரைகுறை சிவிலும்தான். இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். நான்கு வருஷம் உங்களுடையது, கட்டணம் உங்கள் அப்பா அம்மாவுடையது.

உள்ளே போனபின் பாடம் ஐந்து பக்கமாகப் பிரியும்: பண்ணை இயந்திரம், மண் நீர்ப் பாதுகாப்பு, பாசனமும் வடிகாலும், அறுவடைக்குப் பின்செய் தொழில்நுட்பம், புதுப்பிக்கத்தக்க ஆற்றல். முதல் வருஷம் கணிதமும் வரைபடமும் வெப்ப இயக்கவியலும் வாட்டி எடுக்கும். "விவசாயம் எங்கே?" என்று அப்போது தோன்றும். இரண்டாம் வருஷத்திலிருந்து வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாடத்தோடு சேர்த்து மூன்று காரியத்தை நீங்களாகவே செய்ய வேண்டும்.

டிராக்டர் ஓட்டப் பழகுங்கள். முன்னால் ஓட்டுவது யாருக்கும் வரும். டிரெய்லரை மாட்டிக்கொண்டு பின்னால் எடுக்கப் பழகுங்கள். கலப்பை மாட்டும்போது முதலில் இடது கீழ் இணைப்பு, அப்புறம் வலது, கடைசியில் மேல் இணைப்பு. இந்த வரிசை கை தானாகச் செய்கிற அளவுக்கு வர வேண்டும். பெண் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்கிறேன்: செய்முறை வகுப்பில் ஸ்டியரிங்கைப் பையன்களிடம் கொடுத்துவிட்டு நோட்டை வாங்கிக்கொள்ளாதீர்கள். "எனக்கும் ஒரு ரவுண்டு வேணும் சார்" என்று கேட்டு வாங்குங்கள். வேலைக்குப் போகிற இடத்தில் டிரைவர் அண்ணன் உங்கள் பேச்சைக் கேட்பாரா இல்லையா என்பது நீங்கள் ஒரு தடவை அந்த சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் முடிவாகிவிடும்.

அடுத்தது, அளக்கிற பழக்கம். லீவில் ஊருக்குப் போனால் பக்கத்துத் தோட்டத்தில் சொட்டு நீர் ஓடும்போது ஒரு டம்ளரும் அளவுக் குடுவையும் எடுத்துக்கொண்டு இறங்குங்கள். மணிக்கு 4 லிட்டர் என்று போட்டிருக்கிற சொட்டுவானில் மூன்று நிமிஷத்தில் 200 மில்லி விழ வேண்டும். பக்கவாட்டுக் குழாயின் தலைமாட்டில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று பிடியுங்கள். தலையில் 200, கடையில் 120 என்றால் அந்தக் கடைசித் தென்னைக்கு வருஷம் முழுக்கத் தாகம்தான். குழாய் நீளம் கூடிவிட்டதா, கடைசிச் சொட்டுவான்கள் அடைத்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பாருங்கள். தலையிலேயே 200 வரவில்லை என்றால் வடிகட்டி அடைத்திருக்கிறதா, மோட்டார் அழுத்தம் போதவில்லையா என்று பாருங்கள். அப்போது முதலில் வடிகட்டியைக் கழற்றுங்கள். இப்படிப் பார்த்த தோட்டங்களைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நேர்காணலில் மதிப்பெண் பட்டியலுக்கு அடுத்து அந்த நோட்டைத்தான் எடுத்து வைக்க வேண்டும்.

மூன்றாவது, கம்ப்யூட்டரில் படம் வரைகிற ஆட்டோகேடும், நில வரைபடம் போடுகிற கியூ.ஜி.ஐ.எஸ்.ஸும். இரண்டாவது இலவசம். உங்கள் ஊர் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியை வரைந்து பழகினாலே போதும், மற்றதெல்லாம் தானாக வரும்.

இனி வேலை. அரசு என்றால் வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவிப் பொறியாளர் பணி, டி.என்.பி.எஸ்.சி. மூலம். பண்ணைக் குட்டை, சூரிய சக்தி பம்புசெட், வாடகை இயந்திரம் எல்லாம் அந்தத் துறையின் கையில்தான். மனசுக்கு நிறைவான வேலை. ஆனால் அறிவிப்பு வருஷா வருஷம் வராது. அதை மட்டும் நம்பி வீட்டில் உட்காராமல் வேறு வேலையில் இருந்துகொண்டே படியுங்கள். வங்கிகளின் வேளாண் கள அலுவலர் பணிக்கு ஐ.பி.பி.எஸ். நடத்தும் சிறப்பு அலுவலர் தேர்வை நம் பட்டத்தை வைத்து எழுதலாம். மேற்படிப்புக்கு கேட் தேர்வில் வேளாண் பொறியியலுக்கென்றே தனித் தாள் இருக்கிறது.

தனியாரில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே இருப்பது சொட்டு நீர் நிறுவனங்கள். சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் இருப்பதால் இந்தத் தொழில் இங்கே பரவலாக நடக்கிறது. நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். முதல் சில வருஷம் டூ வீலரிலேயே போகும். வெயிலில் நிலத்தை அளந்து, கிணற்றடியில் உட்கார்ந்து வரைபடம் போட்டு, மானியக் காகிதத்துக்கும் அலைய வேண்டும். சம்பளம் ஐ.டி. நண்பர்களோடு ஒப்பிடுகிற மாதிரி இருக்காது. ஆனால் ஒரு தோட்டத்தைப் பார்த்ததும் எந்த இடத்தில் தண்ணீர் தோற்கும் என்று சொல்லத் தெரிந்துவிடும், அந்தக் கண்ணுக்கு அப்புறம் எங்கே போனாலும் மதிப்பு.

டிராக்டர் பக்கம் போக ஆசை என்றால் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டாஃபே போன்ற நிறுவனங்களில் சோதனை, சர்வீஸ், விற்பனை என்று பல கிளை உண்டு. இந்தி கொஞ்சமாவது பேசப் பழகுங்கள். இந்தத் தொழிலின் சந்தை பெரும்பகுதி வடக்கே இருக்கிறது, டிராக்டர்களைச் சோதிக்கும் மத்திய அரசு நிறுவனமும் மத்தியப் பிரதேசத்தில் புத்னியில்தான். பதப்படுத்துதல் பிடித்தவர்களுக்குக் காங்கேயம் அரிசி ஆலைகள் முதல் தஞ்சாவூரில் இருக்கிற மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெம் ஆராய்ச்சி வரை இடம் இருக்கிறது.

விவசாயிகளே பங்குதாரர்களாகச் சேர்ந்து நடத்துகிற உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தை நிர்வகிப்பது நான் இப்போது செய்கிற வேலை. மேலே சொன்ன அறுவடைக் கணக்கு இதில் தினசரிச் சாப்பாடு. எந்த வண்டி எந்தத் தெருவுக்கு எப்போது, டீசல் எவ்வளவு, யார் நெல் முதலில் என்று போனிலேயே பாதி நாள் போகும். ஊர் மனுஷர்களோடு பேசப் பிடிக்காதவர்கள் இதற்கு வர வேண்டாம்.

டிரோன் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். ஓட்டுவதற்கான சான்றிதழுக்குப் பத்தாம் வகுப்பும் 18 வயதும் போதும். அதனால் ஓட்டத் தெரிவது மட்டும் உங்களைத் தனித்துக் காட்டாது. மருந்து தெளிக்க எந்த நாசில், எவ்வளவு உயரம், காற்று எவ்வளவு அடித்தால் நிறுத்த வேண்டும், பேட்டரி எத்தனை செட் இருந்தால் ஒரு நாள் ஓடும், இதைத் திட்டமிடத் தெரிந்தால்தான் பட்டத்துக்கு வேலை.

சொந்தமாகப் பண்ணை இயந்திர வாடகை மையம் வைக்க நினைக்கிறவர்களுக்கு, வேளாண் பட்டதாரிகளுக்கான அக்ரி கிளினிக் திட்டத்தில் பயிற்சியும் வங்கிக் கடனோடு மானியமும் உண்டு. பெண்களுக்கு 44 சதவீதம், பொதுப் பிரிவினருக்கு 36. எடுத்ததும் அறுவடை வண்டிக்குப் போகாதீர்கள். ஒரு டிராக்டர், ரொட்டவேட்டர், ஒன்பது கொழுக் கலப்பை ஒன்று, இவற்றோடு தொடங்குங்கள். எந்த வாரம் எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை பேரை "வண்டி இல்லை" என்று திருப்பி அனுப்பினோம் என்று ஒரு போகம் முழுக்க எழுதுங்கள். திருப்பி அனுப்பிய பட்டியலில் எந்த வேலை அதிகம் வருகிறதோ அதற்கான இயந்திரத்தை அடுத்து வாங்குங்கள்.