ஊரில் மூன்று பேர், மலையில் மூன்று பேர்: ஆன்லைனில் சேர்ந்து படிக்க ஒரு செய்முறை

சேலம் அம்மாபேட்டையில் பிளஸ் டூ கணக்குப் பதிவியலுக்கு டியூஷன் எடுக்கிறேன். போன வருடம் ஆறு பேர். மூன்று பேர் டவுன், மூன்று பேர் ஏற்காடு பக்கம். மலைப் பிள்ளைகள் இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி வருவது சனி, ஞாயிறு மட்டும்தான். டவுன் பையன்களில் ஒருவன் தினமும் ஏழரை வரை அப்பாவோடு கொலுசுப் பட்டறையில் இருப்பான். ஆக, வார நாட்களில் சேர்ந்து படிக்க ராத்திரி எட்டரைதான் நேரம், போன்தான் இடம். இது ஒழுங்காக ஓட எனக்கு மூன்று மாதம் பிடித்தது. உங்களுக்கு ஒரு வாரம் போதும்.

முதலில் ஆள்

நான்கிலிருந்து ஆறு பேர். அதற்கு மேல் போனால் பாதிப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள். வாட்ஸ்அப் குழு தொடங்க உங்களுக்குத் தெரியும், அதை விடுகிறேன். குட் மார்னிங் படங்களுக்கு மட்டும் முதல் நாளே தடை போடுங்கள்.

அடுத்து பாடத்தைப் பங்கு போடுவது

"எல்லோரும் கூட்டாளி சேர்ப்பு படித்துவிட்டு வாருங்கள்" என்றால் ஒருவரும் படிக்க மாட்டார்கள். (கூட்டு வியாபாரத்தில் புதிய பங்குதாரர் சேரும்போது கணக்கு எப்படி மாறும் என்ற பாடம் அது.) ஆளுக்கு ஒரு துண்டு கொடுங்கள்: ஒருவருக்குத் தியாக விகிதம் (புதியவருக்காகப் பழையவர்கள் விட்டுக்கொடுக்கும் பங்கு), ஒருவருக்கு நற்பெயர் (குட்வில்), ஒருவருக்கு மறுமதிப்பீட்டுக் கணக்கு. அந்தத் துண்டை மற்றவர்களுக்கு நடத்துவது அவர் பொறுப்பு. இதற்கு ஜிக்சா முறை என்று பெயர். 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், இன வேறுபாட்டால் முட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளைச் சேர்ந்து படிக்க வைக்க எலியட் அரோன்சன் என்ற உளவியலாளர் கொண்டுவந்தது.

எங்கள் குழுவில் தியாக விகிதம் நாகலூர்ப் பெண்ணுக்கு வந்தது. பழைய விகிதம் 3:2, புதிதாக வருபவருக்கு 1/5 பங்கு, மீதி 4/5 பழையவர்களுக்கு அதே விகிதத்தில். பட்டறைப் பையன் புதிய பங்கிலிருந்து பழைய பங்கைக் கழித்து, மைனஸில் விடை வைத்திருந்தான். நான் மைக்கை அணைத்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். "டேய், முன்னாடி உன் கையில எவ்ளோ இருந்துச்சு? 15/25. இப்ப? 12/25. அப்ப எவ்ளோ விட்டுக்கொடுத்த?" என்றாள். "3/25" என்றான். அதன் பிறகு அந்தக் கணக்கில் அவன் தப்பு விட்டதில்லை. நான் வாய் திறந்திருந்தால் சூத்திரத்தைத்தான் ஒப்பித்திருப்பேன்.

பொது நோட்டு: நான் வழுக்கி விழுந்த இடம்

ஆறு பேரும் எழுத ஒரே கூகுள் டாக்ஸ் கோப்பு. திறந்து, லிங்க்கைக் குழுவில் போட்டேன். கோப்பு 'ரெஸ்ட்ரிக்டட்' நிலையில், அதாவது நாம் சேர்த்தவர்கள் மட்டுமே திறக்கும்படி, இருந்தது எனக்குத் தெரியாது. ராத்திரி முழுக்க அனுமதி கேட்டு மெயில் வந்துகொண்டே இருந்தது.

சரி என்று 'எனிஒன் வித் த லிங்க்' என மாற்றி, பக்கத்தில் 'எடிட்டர்' கொடுத்தேன். எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள். ஆனால் யார் பெயரும் தெரியவில்லை, அனானிமஸ் கேபிபாரா, அனானிமஸ் பேட்ஜர் என்று ஒரே விலங்குப் பண்ணை. மூன்றாம் நாள் நற்பெயர்ப் பகுதி மொத்தமும் காணாமல் போயிருந்தது. யாரைக் கேட்டாலும் "நான் இல்ல சார்". எந்தக் கேபிபாராவைப் பிடித்து விசாரிப்பது?

செய்ய வேண்டியது இது. லிங்க்கை 'ரெஸ்ட்ரிக்டட்' நிலையிலேயே விடுங்கள். ஷேர் பொத்தானை அழுத்தி, ஒவ்வொருவரின் ஜிமெயில் முகவரியையும் நீங்களே சேர்த்து 'எடிட்டர்' கொடுங்கள். ஐந்து நிமிட வேலை. இப்போது எழுதுகிறவர் பெயர் தெரியும். அழிந்துபோனதை மீட்க, கணினியில் ஃபைல் மெனுவில் வெர்ஷன் ஹிஸ்டரி இருக்கிறது. எங்கள் நற்பெயர் அதில்தான் திரும்பக் கிடைத்தது.

மலையில் இருப்பவர்கள் டாக்ஸ் ஆப்பில் கோப்பின் மூன்று புள்ளியைத் தொட்டு, ஆஃப்லைன் வசதியையும் போட்டுக்கொள்ள வேண்டும். மழையில் சிக்னல் போனாலும் எழுதலாம், வந்ததும் தானாகச் சேர்ந்துகொள்ளும்.

பேசுவது

என் ஓட்டு கூகுள் மீட்டுக்கு. இலவசக் கணக்கில் குழு அழைப்புக்கு 60 நிமிடம் கிடைக்கும், ஜூமில் 40. எப்படியும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஒருவர் மண்டையிலும் ஏறாது. பேசாதவர் மைக்கை அணைத்தே வைக்கட்டும். அம்மாபேட்டையில் மைக் திறந்தால் முதலில் தறிதான் பேசும்.

கணக்கை வாயால் சொல்ல முடியாது, பேரேடு கண்ணில் படவேண்டும். ஸ்டாண்டு வாங்காதீர்கள். மேசை ஓரமாகப் புத்தகங்களை அடுக்கி, கேமரா மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி, திரை மேலே பார்க்கப் போனைப் படுக்க வையுங்கள். பின்பக்கக் கேமராவுக்கு மாற்றினால், கீழே நோட்டில் எழுதுவது எல்லோருக்கும் தெரியும். போன் விழாமலிருக்க மேலே இன்னொரு புத்தகம். எங்களுக்கு வணிகவியல் புத்தகம் உருப்படியாகப் பயன்பட்டது அதற்குத்தான்.

பின்சேர்க்கை: "மெயில் முகவரி சேர்த்தும் என் பெண்ணுக்குத் திறக்கவில்லை" என்று ஒரு தாய் எழுதியிருந்தார். வீட்டில் ஒரே போன் என்றால், டாக்ஸ் அப்பாவின் கணக்கில் திறந்திருக்கும். எங்கள் குழுவிலும் நடந்தது. அப்பாவின் முகவரியையே சேர்த்துவிட்டதால், ஒரு மாதம் முழுக்க மறுமதிப்பீட்டுக் கணக்கு போட்டவர் காப்பித் தோட்டத்துக்குப் போகும் ஒரு தகப்பனார் என்றே கோப்பு சொல்லிக்கொண்டிருந்தது. ஆப்பில் வலது மேல் மூலையில் இருக்கும் வட்டத்தைத் தொட்டுப் பிள்ளையின் கணக்கைச் சேர்த்து, அதற்கு மாறிக்கொள்ளுங்கள். மாறிய பிறகு லிங்க்கைத் திறங்கள்.