பழைய கார் லைட் மங்குகிறதா? ஒயரிங்கில் கை வைக்கும் முன்…

போன வாரம் ஒரு பையன் தன் பழைய காரில் ஹெட்லைட் மங்கலாக எரிகிறது என்று கூப்பிட்டான். போய்ப் பார்த்தால் புது பல்பு, புது லைட் ஸ்விட்ச், புது டிம்-டிப் ஸ்விட்ச். டாஷ்போர்டுக்கு அடியில் பாதி ஒயரிங் பிரிந்து தொங்குகிறது. "எல்லா இடத்துலயும் 12 வோல்ட் வருதுண்ணே, லைட்டு மட்டும் விளக்குத்திரி மாதிரி எரியுது" என்றான். பல வருடங்களுக்கு முன் நானும் இதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறேன். அன்று ராத்திரியே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பல்பு போனதைக் கவனிக்காதது, பேட்டரி டெர்மினல் லூஸாக இருப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒரு தடவை பட்டால் அதெல்லாம் தானாக வந்துவிடும்.

## பெரிய பியூஸ் போடுவது

பியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது என்றால் எங்கோ ஒரு ஒயர் தோலுரிந்து பாடியில் படுகிறது. அதற்குப் பெரிய பியூஸ் போட்டால் அடுத்து உருகுவது ஒயர். அது தனியாகவும் உருகாது, ஒரே ஒயர்க்கட்டாகக் கூடவே போகும் மற்ற ஒயர்களையும் சேர்த்துக் கருக்கிவிடும்.

பழைய பிரிட்டிஷ் கார்களுக்கு மின்சாதனங்கள் செய்த லூகாஸ் கம்பெனியின் கண்ணாடி பியூஸில் 35 ஆம்பியர் என்று இருக்கும். அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் பாதிதான். வேறு பல பியூஸ்களில் எழுதியிருப்பது தொடர்ந்து தாங்கும் அளவு. எண் ஒன்றுதானே என்று மாற்றிப் போட்டால் தெரியாமலே இரண்டு மடங்கு பியூஸ் போட்டதாக ஆகிவிடும்.

ஷார்ட்டைத் தேட நல்ல வழி ஒன்று இருக்கிறது. பியூஸை எடுத்துவிட்டு அந்த இரண்டு கிளிப்புக்கும் நடுவே ஒரு 21 வாட் பல்பை இணையுங்கள். ஷார்ட் இருக்கும்வரை அது பளிச்சென்று எரியும். கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள். எதைக் கழற்றும்போது பல்பு அணைகிறதோ, கோளாறு அந்தக் கிளையில். எவ்வளவு நேரம் தேடினாலும் 2 ஆம்பியருக்கு மேல் ஓடாது, ஒயர் சூடாகாது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். 60-களின் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு பியூஸே கிடையாது. அங்கே கை வைக்கும் முன் பேட்டரியின் எர்த் கேபிளை, அதாவது பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

## "12 வோல்ட் வருது"

நேரத்தையும் காசையும் அதிகம் தின்னும் தவறு இதுதான். இன்றும் யாராவது சொல்லக் கேட்டால் எரிச்சல் வருகிறது. சொல்பவர் பொய் சொல்வதில்லை. மீட்டர் உண்மையிலேயே 12 காட்டியிருக்கும். அதை நம்பித்தான் நல்ல பாகங்களை எல்லாம் கழற்றிப் போடுகிறார்கள்.

பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் மீட்டரை வைக்கிறீர்கள். பெரும்பாலான டிஜிட்டல் மல்டிமீட்டர்களின் உள் மின்தடை 10 மெகா ஓம். அதாவது மீட்டர் ஏறக்குறைய மின்சாரமே எடுப்பதில்லை. ஒயரில் எல்லா இழையும் அறுந்து ஒன்றே ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் முழு வோல்ட்டைக் காட்டும். ஆனால் 55 வாட் பல்புக்கு நாலரை ஆம்பியர் வேண்டும். எரியும்போது அதன் மின்தடையே இரண்டரை ஓம் சொச்சம்தான். வழியில் துருவோ அழுக்கோ ஒரு ஓம் சேர்ந்தால் போதும், பல்புக்கு 9 வோல்ட் கூடப் போய்ச் சேராது. வோல்ட் 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் 30 சதவீதம் போய்விடும். ஒயர் அறுந்திருக்கிறதா என்று பார்க்கும்போது மீட்டர் அடிக்கும் பீப் சத்தத்தையும் நம்ப வேண்டாம்; அந்த ஒரு ஓமுக்கும் அது பீப் அடிக்கத்தான் செய்யும். 6 வோல்ட் வண்டி என்றால் நிலைமை இன்னும் மோசம். அதே வாட்டுக்கு இரண்டு மடங்கு ஆம்பியர் ஓட வேண்டும்.

நான் இதைக் கற்றுக்கொள்ள ஒரு முழு ஒயரிங் செட் போனது. பாடியைச் சுரண்டி, பெயிண்ட் அடித்து, எல்லாம் பூட்டி முடித்த வண்டி. லைட்டைப் போட்டால் இரண்டு ஹெட்லைட்டும் மஞ்சளாக அழுதன. ஸ்விட்சை மாற்றினேன். பல்பை மாற்றினேன். மீட்டர் எங்கே வைத்தாலும் 12 காட்டியது. ஒயருக்கு வயதாகிவிட்டது என்று முடிவுகட்டி, மூன்று வாரம் உட்கார்ந்து புது ஒயரிங் இழுத்தேன். அப்போதும் அதே மஞ்சள். கடைசியில் ரேடியேட்டர் பக்கத்து எர்த் போல்ட்டைக் கழற்றியபோது ஒயர் முனையில் உள்ள வளையமான லக்குக்கு அடியில் நான் அடித்த பெயிண்ட் கீறல்கூட இல்லாமல் பளபளத்தது. போல்ட்டின் மரை வழியாக மட்டும் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. கட்டைவிரல் அகலத்துக்கு உப்புத்தாளால் தேய்த்து, பல் வாஷர் போட்டு இறுக்கினேன். லைட் வெள்ளையாக எரிந்தது. வெட்டி எறிந்த பழைய ஒயரிங்கில் ஒரு குறையும் இருக்கவில்லை. இப்போது நினைத்தாலும் மனசு ஆறவில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பல்பு மாட்டி, லைட் எரிந்துகொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். பேட்டரியின் எர்த் முனையில் மீட்டரின் ஒரு முனை, பல்பு ஹோல்டரின் எர்த்தில் இன்னொரு முனை. 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அப்புறம் பேட்டரியின் மற்ற முனையிலிருந்து பல்புக்கு மின்சாரம் வரும் முனை வரை அளந்து பாருங்கள். அது அரை வோல்ட்டைத் தாண்டினால், நடுவில் உள்ள ஒவ்வொரு இணைப்புக்கும் முன்னும் பின்னும் அளந்தால் வோல்ட்டைத் தின்னும் இடம் சிக்கிவிடும்.

பையனின் காரில் இதைச் செய்தபோது எர்த் பக்கம் மட்டும் 3.1 வோல்ட் காட்டியது. அதுவும் புதிதாகப் பெயிண்ட் அடித்த வண்டிதான்.

பின்பக்க லைட்டுக்கு மீட்டர்கூட வேண்டாம். பிரேக்கை மிதித்தால் டெயில் லைட் மங்குகிறதா? இண்டிகேட்டர் போட்டால் பக்கத்து பல்பும் சேர்ந்து மினுக்குகிறதா? முதலில் எர்த்தைப் பாருங்கள்.

## ஒயரை ஊசியால் குத்திப் பார்ப்பது

வேண்டாம். அந்தத் துளை வழியே ஈரம் இறங்கி உள்ளே செம்பு பச்சை பூத்துவிடும்.

## நிறத்தை மட்டும் நம்புவது

லூகாஸ் ஒயரிங்கில் நீலத்தில் வெள்ளைக் கோடு பிரைட், நீலத்தில் சிவப்புக் கோடு டிம், சிவப்பு என்றால் பார்க்கிங்கும் டெயிலும், கருப்பு எர்த். தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஆனால் ஐம்பது வருடத்தில் எத்தனை பேர் கைப்பட்டிருக்கும்! வெயிலில் வெளுத்த சிவப்பும் பழுப்பும் ஒன்றுபோலத் தெரியும். பழுப்பு பேட்டரியிலிருந்து நேராக வருவது. டேப்பைக் கொஞ்சம் பிரித்து, வெயில் படாத இடத்தில் நிறத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் தொடுங்கள்.

## இண்டிகேட்டருக்கு எல்இடி

இண்டிகேட்டரை மினுக்க வைக்கும் பழைய பிளாஷர், பல்பு இழுக்கும் மின்சாரத்தின் சூட்டில் வேலை செய்வது. எல்இடி அவ்வளவு இழுக்காது, அதனால் பிளாஷர் சரியாக வேலை செய்யாது. பிளாஷரையும் மாற்றுங்கள், இல்லை பழைய பல்பே இருக்கட்டும்.

## பாசிட்டிவ் எர்த்

பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடிக்குப் போவதுதான் இது. 60-களின் நடுப்பகுதி வரை பல பிரிட்டிஷ் கார்கள் இப்படித்தான் வந்தன. சாதா பல்புக்கு எந்தப் பக்கமானாலும் ஒன்றுதான். எலக்ட்ரானிக் பிளாஷருக்கும் எல்இடிக்கும் அப்படி இல்லை. பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்த பிறகே வாங்குங்கள்.

## எர்த்தைச் சரிசெய்யாமல் ரிலே போடுவது

பழைய வண்டிகளில் ஹெட்லைட்டின் மொத்த மின்சாரமும் ஸ்விட்ச் வழியாகவே ஓடும். ஸ்விட்சிலிருந்து வரும் சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலேயை வைத்து, பேட்டரியிலிருந்து தனி பியூஸோடு நேர் ஒயர் இழுத்தால் ஸ்விட்சுக்கு நல்லதுதான். ஆனால் எர்த் கெட்டிருந்தால் ரிலே போட்டும் லைட் மங்கலாகத்தான் எரியும். அந்தப் பையன் ரிலே செட் ஒன்றை முன்பே வாங்கி வைத்திருந்தான். எர்த்தைத் தேய்த்து இறுக்கியபின் மறுபடி அளந்தோம்: எர்த் பக்கம் 0.1, மறுபக்கம் 0.4. ரிலே இன்னும் பெட்டியிலேயே இருக்கிறது.