பெரியவருக்கு ரோபோ வாங்கும் முன்

பெட்டியைப் பிரித்து, சார்ஜ் ஏற்றி, "இனிமே உங்களை இது பார்த்துக்கும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவதுதான் முதல் தவறு. பெரியவர் காதில் அது "இனிமே நான் வரமாட்டேன்" என்றுதான் விழும். அப்புறம் அந்த ரோபோ என்ன செய்தாலும் பிடிக்காது. சின்ன வேலையில் ஆரம்பியுங்கள். கீழே விழுந்த கண்ணாடியை எடுத்துத் தரட்டும், மருந்து நேரத்தைச் சொல்லட்டும்.

மனித முகம் இருந்தால் நெருக்கம் வரும் என்று நினைப்பது அடுத்த தவறு. மனிதனைப் போலவே இருந்தும் ஏதோ ஒன்று இடிக்கும்போது மனம் சட்டென்று விலகிவிடும் என்று ஜப்பானியப் பேராசிரியர் மசாஹிரோ மோரி 1970-லேயே எழுதிவிட்டார். முதியவர்கள் மடியில் வைத்துக் கொஞ்சும் பாரோ என்ற ரோபோவை உருவாக்கிய தகானோரி ஷிபாதா முதலில் பூனையைத்தான் செய்து பார்த்தார். நிஜப் பூனையைப் பழகியவர்கள் அதில் குறை கண்டார்கள். கடைசியில் சீல் என்ற கடல்நாயின் குட்டியாக்கினார். சீல் குட்டியை மடியில் வைத்துப் பழகியவர்கள் யார் இருக்கிறார்கள், ஒப்பிட்டுப் பார்க்க?

உடம்பைத் தொடும் இடத்தில்தான் நம்பிக்கை நிற்பதும் உடைவதும். ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனம் 2015-இல் காட்டிய ரோபேர், கரடி முகத்தோடு ஆளைப் படுக்கையிலிருந்து தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்காரவைக்கும் சோதனை ரோபோ. அப்படித் தூக்கப்படுபவராக ஒரு நிமிடம் உங்களை வைத்துப் பாருங்கள். முதுகுக்குப் பின்னால் சத்தமில்லாமல் ஒரு கை நுழைந்தால் எப்படி இருக்கும்? "இப்போ இடது கையை உங்க முதுகுக்குக் கீழே கொண்டுவரேன், சரியா?" என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். நிறுத்தும் பொத்தான் அவர் விரல் எட்டும் தூரத்தில் இருக்கட்டும், உங்கள் கைபேசியில் மட்டும் இருந்தால் போதாது. கேமரா இருந்தால் மறைக்காதீர்கள். ஒருநாள் தெரிந்தால், ரோபோவோடு சேர்த்து உங்களையும் நம்பமாட்டார்.

கண்மூடித்தனமாக நம்பவைப்பதும் தவறுதான், இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், செயற்கைப் புகை கிளம்பி அலாரம் அடித்தபோது, கலந்துகொண்டவர்கள் உள்ளே வந்த வாசலை விட்டுவிட்டு ரோபோ காட்டிய வழியில் போனார்கள். சற்று முன்புதான் அது வழி தவறியதைப் பார்த்தவர்களும் அதில் உண்டு. பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள்! அதனால் எது அதற்குத் தெரியாது என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். "மாத்திரை போட்டாச்சு" என்று ரோபோ சொன்னாலும், அட்டையில் எத்தனை மிச்சம் என்று பெரியவரே ஒரு தடவை எண்ணிப் பார்க்கட்டும்.